விழக் கற்றுக் கொடுக்கும் ஊர்

சுவிட்சர்லாந்து என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சாக்லேட்டும் கைக்கடிகாரமும் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தேசத்தில் மியூரன் என்று ஒரு குட்டி மலை ஊர் இருக்கிறது. பனிச்சறுக்குப் பிரியர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம் மாதிரி. சென்ற தை மாதத்தில் நானும் என் மனைவியும் முதல் தடவையாக அங்கே போய் மூன்று நாள் தங்கினோம்.

இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம் போனால் லாட்டர்புரூனன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவே பள்ளத்தாக்கு. அங்கே கேபிள் காரில் ஏறினோம். "முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்ட என் மனைவி, அதைத் திறப்பதற்குள் மேலே வந்துவிட்டோம். பிறகு ஒரு சின்ன ரயில். பாறை விளிம்பை ஒட்டி இந்தப் பாதையில் 1891-லிருந்து ரயில் ஓடுகிறது. கால்மணி நேரத்தில் மியூரன்.

ஊர் 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழேயிருந்து மோட்டார் காரில் இங்கே வர முடியாது. அரிசியானாலும் அடுப்பானாலும் கம்பிவடத்திலும் ரயிலிலும்தான் வந்து சேர வேண்டும். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். மர வீடுகள், கூரையிலெல்லாம் வெண்பனி, தெருவில் குழந்தைகளை வைத்து இழுத்துப் போகும் மரச் சறுக்கு வண்டிகள். ஹாரன் சத்தமே கேட்காத தெருவில் நடப்பது நம் போன்ற பட்டணவாசிகளுக்கு முதலில் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது!

எதிரே மூன்று சிகரங்கள்: ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ். மோங்க் என்றால் சந்நியாசி; யுங்ஃப்ராவ் என்றால் கன்னி. அரக்கனாகிய ஐகரிடமிருந்து கன்னியைக் காப்பதற்காகச் சந்நியாசி நடுவில் நிற்கிறார் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள்.

இந்த ஊருக்கும் நம் சென்னைக்கும் ஒரு பந்தம் உண்டு. ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர் மதப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர். அவருடைய மகன் ஆர்னால்ட் 1888-ல் பிறந்தது நம் சென்னையில்! ஊர் திரும்பிய தகப்பனார் பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, குளிர்காலத்திலும் ஆங்கிலேயர்களை இங்கே அழைத்து வரத் தொடங்கினார். மகனுக்கோ சறுக்குப் பைத்தியம். மலையேறும்போது விழுந்து ஒரு கால் குட்டையாகிப் போயும் அவர் விடவில்லை. 1922 ஜனவரியில் மியூரன் சரிவில் கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து யார் சீக்கிரம் இறங்குகிறார்கள் என்று போட்டி வைத்தார். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிற ஸ்லாலம் பந்தயம் பிறந்தது அப்படித்தான்.

பெண்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். 1923-லேயே இங்கே பெண்களுக்கென்று ஒரு சறுக்குச் சங்கம் தோன்றிவிட்டது. 1931-ல் மலையிறங்கு சறுக்கில் முதலாவது உலகப் போட்டி மியூரனில் நடந்தபோது பெண்களுக்கும் பந்தயம் வைத்தார்கள். எஸ்மே மக்கின்னன் என்ற பிரிட்டிஷ் பெண் ஸ்லாலம், நேர் இறக்கம் இரண்டிலும் ஜயித்தாள். அப்போது அவளுக்கு வயது பதினேழு.

இதைச் சொன்னதும் என் மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "பதினேழு வயதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் 'ஓடாதே, விழுந்துவிடுவாய்' என்ற புத்திமதிதான்" என்றாள். மறுநாள் காலையில் புடவையை மடித்து வைத்துவிட்டு, வாடகைக் கால்சட்டையும் இரும்பாய்க் கனக்கும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சாதுவான சரிவு உண்டு. வாத்தியார் ஓர் இளம் பெண். முதல் பாடம் என்ன தெரியுமா? விழுவது! முன்னாலும் பின்னாலும் சாயாமல் மலைப்பக்கமாக ஒருக்களித்து விழ வேண்டும். பிறகு கால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து எழுந்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பொடியன்கள் சர்ரென்று பக்கத்தில் பறந்தார்கள். என் மனைவி பதினோரு முறை விழுந்தாள். நான்தான் கோட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை இருபது கஜ தூரம் வழுக்கிப் போய், பலகைகளின் முனைகளைக் கூட்டித் தானாகவே நின்றாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், "இத்தனை தடவை விழுந்தேனே, ஒருவராவது சிரித்தார்களா, பாருங்கள்!" என்றாள். முகத்தில் அப்படி ஒரு களை.

2024 டிசம்பரில் ஷ்டெகல்பர்க் என்ற இடத்திலிருந்து நேராக மியூரனுக்கே புதிய கேபிள் கார் வந்துவிட்டது. உலகிலேயே மிகச் செங்குத்தாக ஏறுவது அதுதானாம். இனிமேல் கூட்டம் பெருகலாம். பூமி சூடேறுவதால் இந்த உயரத்து ஊர்களுக்குப் பனியும் முன்போல நிச்சயமில்லை. ஆகவே போக நினைப்பவர்கள் தள்ளிப் போட வேண்டாம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களை வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அவர்களும் நாலு தடவை விழுந்து எழுந்திருக்கட்டும்!