வளையத்தடியில் நின்ற காவல்

அரபு இலக்கணம் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட நாம், கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுத நேருமென்று ஒருநாளும் எண்ணியதில்லை. அரபியில் அவ்வாட்டத்திற்குக் 'குரத்துஸ் ஸல்லா' என்று பெயர். கூடையின் பந்து என்பதே அதன் பொருள். தமிழும் அரபியும் இதில் ஒரே வழியில் பெயரிட்டிருக்கின்றன என்பதற்கு மேல் அதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாதிருந்தது. தெரிய வைத்தவள் நம் இளைய மகள்.

நாம் வசிப்பது படூரில். பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடி மாளிகைகள் எழுந்துவிட்ட பிறகு, ஊரில் பிள்ளைகள் ஓடியாட மிஞ்சியிருப்பவை பள்ளி, கல்லூரி மைதானங்களே. பதினோராம் வகுப்பில் பயிலும் மகள் தன் பள்ளி அணிக்கு ஆடுகிறாள். தலையை மூடி, முழுக்கை உடுத்தியே ஆடுகிறாள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் தலைத்துணிக்கு விதித்திருந்த தடையை 2017-ல் நீக்கியது என்பதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து நம் முன் வைத்துத்தான் அனுமதி பெற்றாள். நாம் அனுமதித்தோம் என்பதைவிட, நம் இல்லாள் அனுமதித்ததை நாம் மறுக்கவில்லை என்பதே உண்மைக்கு அருகில் நிற்கும்.

அவள் உயரம் ஐந்தடி ஓரங்குலம். சென்ற தை மாதத்தில் கேளம்பாக்கத்துப் பக்கம் நடந்த ஒரு போட்டியைக் காண முதன்முறையாகச் சென்றோம். எதிரணியில் ஆறடிக்குக் குறையாத ஒரு பெண் இருந்தாள். அவள் அதிகம் ஓடவில்லை. வளையத்தின் அடியில் கைகளை உயர்த்தி நின்றாள், அவ்வளவுதான். நம் மகள் பந்தைத் தட்டிக்கொண்டு எல்லோரையும் கடந்து விரைந்து போவாள். கடைசி அடியில் பந்தை உயர்த்துவாள். அந்த நீண்ட கை வந்து பந்தைத் தட்டிவிடும். ஐந்து முறை இவ்வாறு நடந்தது. ஐந்தாம் முறை கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

ஆட்டோவில் திரும்புகையில் அழுதாள். அப்போது நாம் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். "உயரம் அல்லாஹ் கொடுப்பது, மா. உனக்கு அதை நாடவில்லை. விட்டுவிடு. படிப்பைப் பார்" என்றோம். ஆறுதல் கூறிவிட்டதாகவே நினைத்தோம். மறுநாள் காலணிகளைத் துடைத்து, பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை.

நான்காம் நாள் இல்லாள் கேட்டாள்: "உங்களிடம் ஓத வருகிற பையனுக்கு 'ளாத்' எழுத்து வராவிட்டால், நாக்கை அல்லாஹ் அப்படிப் படைத்துவிட்டான், விட்டுவிடு என்றா சொல்வீர்கள்?" நாம் வாயடைத்துப் போனோம். அந்த ஓர் எழுத்துக்காக ஒரு மாணவனோடு மூன்று மாதம் அமர்ந்திருந்தவர் நாம். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் எங்கே பட வேண்டும் என்று கண்ணாடி கொடுத்துக் காட்டியவர். மகளுக்கு மட்டும் ஏன் கண்ணாடி காட்டவில்லை?

அன்று அஸர் தொழுததும் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியையைத் தேடிப் போனோம். அந்த அம்மையார் நம் தொப்பியையும் தாடியையும் கண்டு, மகளை ஆட்டத்திலிருந்து நிறுத்தவே வந்திருக்கிறோம் என்று முதலில் அஞ்சினாராம். "அந்த உயரமான பெண்ணைக் கடக்க வழி உண்டா?" என்று கேட்டதும் சிரித்து, சுண்ணக்கட்டி எடுத்து, சிமெண்டுத் தரையில் வரையத் தொடங்கினார். மஃரிபு நெருங்கும்வரை பாடம் நடந்தது. நாம் மாணவராக அமர்ந்து நெடுநாளாகியிருந்தது.

வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை அமைத்தபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் பீச்சுப்பழக் கூடைகளை மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்ததால் இன்றளவும் அதே உயரம். ஒரு தச்சன் மாடத்தை ஓரடி தாழ்த்திக் கட்டியிருந்தால் நம் மகளின் கதையே வேறாக இருந்திருக்குமோ என்னவோ! அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஆசிரியையும் அக்கல்லூரியில் பயின்றவரே.

வளையத்தின் அருகிலிருந்து எறியும் பந்தே பெரும்பாலும் தவறாமல் விழும். ஆகவே அந்த இடத்தைக் காப்பது அறிவுள்ள தற்காப்பு. தாக்கும் அணியினர் வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கலாகாது. காப்பவருக்கோ சர்வதேச விதியில் அத்தகைய தடை இல்லை. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் மட்டும், எவரையும் அருகிருந்து மறிக்காமல் அங்கே நிற்கும் காவலருக்கும் 2001-ல் மூன்று வினாடி வரம்பு வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. காவலை அவர்களே கலைத்தாக வேண்டும்.

"உங்கள் மகளைத் தடுத்தவளை அங்கே அழைத்துவந்து நிறுத்தியவர்கள் நாங்களேதான்" என்றார் ஆசிரியை. நமக்கு விளங்கவில்லை. நம் அணியின் உயரமான பெண் எப்போதும் வளையத்தடியிலேயே பந்துக்குக் காத்து நின்றாள். அவளைக் காக்க வேண்டிய எதிரணி நெடியவளும், இயல்பாகவே அங்கு நின்றாள். நம் பெண் வெளியே வந்து, தொலைவிலிருந்து எறியக் கற்றால், காவற்காரியும் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் எறிந்தால் விழும் என்ற அச்சத்தை முதலில் உண்டாக்க வேண்டும். குறி தவறுகிறவளைத் தேடி எவரும் காவலை விட்டு வரமாட்டார்கள். மும்மதிப்புக் கோடு 6.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பள்ளிப் பெண்களுக்கு அது தூரம்தான்.

நம் உள்ளத்தைக் கவர்ந்தது அடுத்த பாடம். தோழி ஒருத்தி, மகளைத் துரத்துகிறவளின் பாதையில் சுவர்போல் அசையாமல் நிற்கிறாள். இதற்குத் 'திரை' என்று பெயர். துரத்துகிறவள் அந்தச் சுவரில் தடைப்படும் கணத்தில் மகளுக்கு முன்னால் நாலைந்து அடி வெற்றிடம் கிடைக்கிறது. நெடியவள் வளையத்தை விட்டு வராமல் பின்னே காத்திருக்கிறாள். இங்கேதான் மகள் தவறு செய்தாள்: அந்த வெற்றிடத்தையும் ஓடிக் கடந்து, கையின் அடிக்கே போய்ச் சேர்ந்தாள். அப்படிப் போகாமல் மூன்று நான்கு மீட்டர் முன்பாகவே எழும்பி, பந்தை விரல் நுனியால் வெகு உயரத்துக்கு மெல்லத் தூக்கிவிட வேண்டும். 'ஃப்ளோட்டர்' என்கிறார்கள். மிதக்கவிடுதல் என்று நாம் பெயர்த்துக்கொண்டோம். இதில் விதியின் துணையும் உண்டு. எறிந்த பந்து உச்சி தொட்டுக் கீழ்நோக்கித் திரும்பிவிட்டால், அது வளைய மட்டத்திற்கு மேல் இருக்கும்வரை எவரும் அதைத் தொடலாகாது. தொட்டால் பந்து விழுந்ததாகவே கணக்கு. ஆக, உயரமான கைக்கு ஒரு கணப்பொழுதுதான் உரிமை. அதற்குள் எட்டாதபடி பந்தை ஏற்றிவிட்டால் பிறகு அந்தக் கை வெறும் கைதான்.

நெடியவள் இதைத் தடுக்க முன்னேறி வந்தால், அவள் முதுகுக்குப் பின்னே வளையம் காவலற்றுப் போகிறது. திரையாக நின்ற தோழி அங்கே ஓட, மகள் பந்தை அவளிடம் சேர்க்க வேண்டும். இரண்டில் எது என்பதை எதிரியின் கால் சொல்லும் என்றார் ஆசிரியை. பலகையின் மறுபுறம் சென்று எறிந்து வளையத்தையே கேடயமாக்குவது, எறிவதுபோல் ஏய்த்துக் காவற்காரியை வீணே எழும்பவைத்துத் தவறு செய்யத் தூண்டுவது, அவள் ஓடிவந்து சேர்வதற்குள் விரைந்து முடித்துவிடுவது என இன்னும் சில கூறினார். ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும் என்பது விதி.

2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, காவல்காயை ஓரிடத்திலிருந்து இழுத்துவிட்டு அது காத்த காயை வெட்டும் வித்தையை நம் மாணவன் ஒருவன் விளக்கியது நினைவுக்கு வந்தது. அங்கே யோசிக்க நேரமுண்டு. இங்கே ஆட்டக்காரி ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

உயரமானவர்களுக்கும் தடைகள் உண்டு என்பதைப் பிறகு படித்தறிந்தோம். கரீம் அப்துல் ஜப்பார் ஏழடி இரண்டங்குல உயரமுள்ளவர். அவர் கல்லூரியில் ஆடிய 1967-ல், பந்தை வளையத்துக்குள் கையால் நேரே திணிப்பதையே அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். 1976 வரை அத்தடை நீடித்தது. அவர் தலைக்கு மேலே கையை வளைத்து எறியும் கொக்கி வீச்சை மேலும் செம்மைப்படுத்தி, 38,387 புள்ளிகள் குவித்தார். மறுபுறம், வளையத்தைக் காப்பதில் அத்தொழில்முறை ஆட்டத்தின் சாதனையாளர் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான். 3,830 எறிதல்களைத் தடுத்தவர். ரமளானில் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடியவர் என்பது மகள் சொல்லி நாம் அறிந்தது. நம் தமிழ்நாட்டின் முயீன் பேக் ஹபீஸ், 2025-ல் ஜித்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அவர் பந்தைக் கொண்டுசெல்லும் ஆட்டக்காரர், காவல்நிற்கும் நெடியவரல்லர். ஜோர்தானுடனான ஆட்டம் கூடுதல் நேரம்வரை சென்று 84–91 என்று கைநழுவியது. அந்த ஆட்டத்தின் படக்காட்சியை மகள் நமக்குக் காட்டி, ஹபீஸ் எங்கே நிற்கிறார், எப்போது நிற்கிறார் என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். பரணிலிருந்து காலணியை இறக்கிய மறுநாள் அது.

பயிற்சிக்கு உயரமான கை வேண்டுமே. ஒட்டடைக் குச்சியின் முனையில் பழைய தலையணையைக் கட்டி, நாம் முற்றத்தில் நின்று உயர்த்திப் பிடித்தோம். சுவரில் அடித்த இரும்பு வளையத்துக்கு அவள் பந்தை மிதக்கவிட்டாள். முதல் வாரம் பெரும்பாலும் தலையணையிலும் சிலமுறை நம் தலையிலும் விழுந்தது. ஓதக் காத்திருந்த சிறுவர்கள் எண்ணிக்கை வைத்தார்கள், அரபியில்.

மாசியில் அதே அணியோடு மீண்டும் ஆட்டம். நம் மகள் மூன்று முறை மிதக்கவிட்டதில் இரண்டு விழுந்தன. இரண்டாம் பந்து அந்த நெடிய விரல்களுக்கு மேலாக எழும்பி, ஒரு கணம் நின்று, வலைக்குள் இறங்கியபோது நாம் எழுந்து நின்றுவிட்டோம். அருகிலிருந்த இல்லாள் சட்டையைப் பிடித்து இழுத்து அமர்த்தினாள். நான்கு புள்ளியில் நம் அணி தோற்றது. சிரிப்பவர் அன்று எவருமில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த நெடிய பெண் வந்து மகளின் தோளில் கைவைத்து ஏதோ கேட்டாள். எவரிடம் கற்றாய் என்று கேட்டாளாம்.

ஆட்டோவில் மகள் அழவில்லை. விரலால் இருக்கையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். சாலையில் படூர் ஏரியின் திருப்பம் வந்ததும் நிமிர்ந்து சொன்னாள்: "கடைசியில் அவள் முன்னால் வரத் தொடங்கிவிட்டாள், அத்தா. அடுத்த தடவை முதலிலேயே வருவாள். நாளைக்கு நீங்கள் குச்சியோடு ஓரடி முன்னால் வந்து நில்லுங்கள். தம்பியைப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம், பந்து கொடுக்க."