உலகம் அழிந்த பிறகு துணி துவைப்பது யார்?

அட்லாண்டா நகரம் விழுந்துவிட்டது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். தப்பிப் பிழைத்த கொஞ்சம் பேர் ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி ஓரம் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் இல்லை, மின்சாரம் இல்லை, போலீஸ் இல்லை. அந்தக் குவாரிக் குட்டையில் நான்கு பெண்கள் எல்லோருடைய அழுக்குத் துணியையும் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி கேட்டேவிடுகிறாள், இந்த வேலை எப்படி நம் தலையில் மட்டும் விழுந்தது என்று. பிறகு ஏதோ பேச்சில் நால்வரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் பொறுக்காமல் அவர்களில் ஒருத்தியின் புருஷன் வந்து நிற்கிறான். அவளை அறைகிறான். அவள் பெயர் கேரல்.

'தி வாக்கிங் டெட்' 2010 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் தொடங்கியது. இது அதன் மூன்றாவது எபிசோட். இதை நான் முதலில் பார்த்தது 2013இல், சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில், யாரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அப்போது எங்களுக்கு நடைபிணங்கள்தான் முக்கியம். எது எப்போது பாயும் என்று தலையணையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். துணி துவைக்கும் காட்சி வந்ததும் போனதும் நினைவில் இல்லை. 2020 ஊரடங்கில் என் அத்தையோடு முதலிலிருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பட்டது என்ன, அத்தை காட்டினார்.

"ஏங்கண்ணு, ஒலகமே போயிருச்சுங்கறே. இன்னும் இவளுகதான் துணி தொவைக்கோணுமா?"

அத்தை கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். 2019இல் ஒரு மஞ்சள் பையோடு கோவையில் என் வீட்டுக்கு வந்தார். "இனி அங்க போகமாட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் முன்கையில் இருந்த தழும்புகள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் சுட்டுக்கொண்டது என்று பேசி வைத்திருந்தோம்.

கேரலின் புருஷனை நடைபிணங்கள் கடித்துக் கொன்றுவிடுகின்றன. செத்தவன் எழுந்துவிடாதபடி மண்டையை உடைக்க வேண்டும். கேரல் கடப்பாறை போன்ற ஒரு கருவியை வாங்கி, அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அடிக்கிறாள். ஒரு அடி போதும் என்ற இடத்தில் அத்தனை அடி. அத்தை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தொடர் ராபர்ட் கிர்க்மன் எழுதிய படக்கதையிலிருந்து வந்தது. படக்கதையில் கேரல் சீக்கிரமே தன்னைத்தானே பிணத்துக்குக் கடிக்கக் கொடுத்துச் செத்துப்போகிறாள். தொலைக்காட்சியில் அவள் கடைசிவரை இருந்தாள். அந்த அளவுக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தியவர் மெலிசா மெக்பிரைட் என்ற நடிகை. மகளைப் பறிகொடுத்த பிறகு, சிறைச்சாலையில் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள் கேரல். ஐந்தாவது சீசனில், மனிதக் கறி தின்னும் கூட்டத்திடமிருந்து எல்லோரையும் மீட்டவள் அவள்தான். அதே சீசனில் மதில் சூழ்ந்த ஒரு பணக்காரக் குடியிருப்பில் பூப்போட்ட சட்டையும் கம்பளி மேலாடையுமாக, பிஸ்கட் சுட்டுக் கொடுக்கும் அப்பாவி இல்லத்தரசி வேஷம் போடுகிறாள். வீட்டுப் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அத்தை ரசித்துச் சிரித்தது அங்கேதான்.

பிறகு தொடர் கெட்டது. கெட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், எங்கே கெட்டது என்று பார்க்க வேண்டும். ஏழாவது சீசனின் முதல் எபிசோட், 2016 அக்டோபர். நீகன் என்ற வில்லன் நம் ஆட்களை வட்டமாக மண்டியிட வைத்து, முள்கம்பி சுற்றிய மட்டையால் இருவரை அடித்துக் கொல்கிறான். இரண்டாவதாகச் செத்த கிளென்னின் மனைவி மேகி கர்ப்பமாக எதிரே மண்டியிட்டிருக்கிறாள். கேமரா நசுங்கிய மண்டையைவிட்டு அகலாது. அன்று அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். நான் அதோடு நிறுத்தினேன். நிறைய பேர் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

ரத்தம் அதற்கு முன்பும் கொட்டியது. ஆனால் அது யாருக்கு என்ன ஆகிறது என்பதற்காகக் கொட்டியது. இங்கே வில்லனின் ஸ்டைலுக்காகக் கொட்டியது. நீகனின் கோட்டையில் 'மனைவிகள்' என்று சில பெண்கள் இருப்பார்கள். கறுப்பு உடை போட்டு, ஒரு அறையில் உட்கார்ந்து, கூப்பிட்டால் போக வேண்டியவர்கள். வேறு வழியில்லாமல் 'சம்மதித்த'வர்கள். அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். தொடருக்கு அவர்கள்மேல் அக்கறையே இல்லை. அவர்கள் வில்லனின் அறைக்கலன்கள். இரண்டு சீசன் முழுக்க ஆண்கள் மாறி மாறி வீர உரை ஆற்றுவார்கள், துப்பாக்கியால் சுடுவார்கள், குறி தப்பும். எட்டாவது சீசனில் நாயகன் ரிக்கின் மகன் கார்லையும் கொன்றார்கள். அத்தையோடு பார்த்தபோது இந்த இரண்டு சீசன்களையும் ஓட்டிவிட்டேன். அத்தையே சொன்னார்: "தள்ளி உடு கண்ணு. அடிக்கறவன் பேசறதயெல்லாம் எதுக்குக் கேட்டுட்டிருக்கோணும்?" தொலைக்காட்சி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்பதாவது சீசனில் பொறுப்பு ஏஞ்சலா காங்குக்குப் போனது. இரண்டாவது சீசனிலிருந்து அந்தத் தொடரின் எழுத்தாளர் அறையில் இருந்தவர். அவருக்கு முன் அந்த நாற்காலியில் ஃபிராங்க் டாரபாண்ட், கிளென் மஸாரா, ஸ்காட் கிம்பிள் என்று மூன்று ஆண்கள். காங் வந்தபோது நாயகன் ஆண்ட்ரூ லிங்கன் விலகிக்கொண்டிருந்தார், கூட்டம் கலைந்துவிட்டது. 2018 அக்டோபரில் அவருடைய முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 60 லட்சம். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மிஷெல் ரயனும் அலெக்சாண்டர் ஹாஸ்லமும் 2005இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கண்ணாடி மலைவிளிம்பு. நிறுவனம் சரிந்துகொண்டிருக்கும்போது பெண்ணைத் தலைமையில் உட்காரவைக்கும் போக்கு. விழுந்தால் அவளால் விழுந்தது என்று ஆகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூடப்போகிற பிரிவுக்குத்தான் என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள், இனிப்பும் கொடுத்தார்கள். அதனால் காங்கின் பெயர் திரையில் வந்தபோது எனக்குள் ஒரு பதற்றம் இருந்தது, நம் வீட்டுப் பெண் பரீட்சை எழுதப் போனது மாதிரி.

அவர் செய்த முதல் காரியம், எல்லோரையும் வாஷிங்டனில் ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. ஆயுதம் எடுக்க அல்ல, கலப்பையும் விதையும் பழைய மூடுவண்டியும் எடுக்க. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. குதிரைகள் வருகின்றன. அந்த வண்டியைக் கண்ணாடித் தரையின் மேல் மெல்ல மெல்ல இறக்குகிறார்கள், அடியில் பிணங்கள் கை நீட்டுகின்றன. எத்தனையோ துப்பாக்கிச் சண்டைகளில் வராத பயம் அந்தக் கண்ணாடி விரிசலில் வந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கலப்பைக்காக!

அந்தப் பயணத்தில் கென் என்ற இளைஞன் சாகிறான். அவன் அம்மா டாமி ரோஸ், மேகியை மகனின் இறுதிச் சடங்கில் நிற்க விடாமல் வெளியே அனுப்புகிறாள். நீ கூட்டிப்போய்த்தானே என் பிள்ளை செத்தான் என்ற கோபம். முன்பெல்லாம் பெயர் தெரியாத இளைஞர்கள் வரிசையாகச் செத்தார்கள், அவர்களுக்கு அம்மா இருந்ததாகவே தொடருக்குத் தோன்றியதில்லை. தரம் திரும்பியது என்று நான் சொல்வது இதைத்தான்.

ரிக் போன பிறகு கதை ஆறு வருடம் தாண்டுகிறது. புதிய எதிரிகள் வருகிறார்கள்: பிணங்களின் தோலை உரித்து முகமூடியாகப் போட்டு, பிணக்கூட்டத்தோடு கிசுகிசுத்தபடி நடப்பவர்கள். தலைவி ஆல்ஃபா. சமந்தா மார்ட்டன் மொட்டைத் தலையும் தணிந்த குரலுமாக நடித்தார். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தை அழுகிறது, சத்தம் பிணங்களை இழுக்கும். ஆல்ஃபா ஒரு தலையசைப்பில் உத்தரவிடுகிறாள். தாய் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டு நிற்கிறாள். சோளக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கானி ஓடிவந்து அதை எடுக்கிறாள். கானிக்குக் காது கேட்காது. நடித்த லாரன் ரிட்லாஃபுக்கும் கேட்காது. அவள் குழந்தையோடு ஓடும்போது நமக்கும் சத்தம் அடங்கிப்போகிறது, பின்னால் எது வருகிறது என்று தெரியாது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அத்தனை சீசனும் நான் நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லித்தான் பார்த்தோம். கானியின் காட்சிகளில் மட்டும் "பேசாம இரு, எனக்குப் புரியுது" என்பார். அந்தக் குழந்தை, மகனை இழந்த டாமி ரோஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

எனக்கு இந்த சீசன் முக்கியமானது லிடியாவால். ஆல்ஃபாவின் மகள், எதிரிகளிடம் கைதியாகப் பிடிபடுகிறாள். தன் கதையைச் சொல்கிறாள்: ஆரம்ப நாட்களில் ஒரு நிலவறையில் பதுங்கியிருந்தோம், அப்பா கொடூரமானவர், அம்மாதான் என்னைக் காப்பாற்றினாள். நாமும் நம்புகிறோம். அத்தனை காலமும் அப்படிப்பட்ட கதைகளைத்தானே கேட்டிருக்கிறோம். ஆனால் டேரில் அவள் கையில் இருக்கும் பிரம்புத் தழும்புகளைப் பார்த்துவிடுகிறான், சின்ன வயதில் அவனும் அடிபட்டவன். கதை மெல்லப் புரள்கிறது. அதே நிலவறை, அதே இரவு, ஆட்கள் இடம் மாறுகிறார்கள். அப்பா மென்மையானவர். அடித்தது அம்மா, அப்பாவைக் கொன்றதும் அம்மா. அந்தப் பெண் தன் ஞாபகத்தையே மாற்றி எழுதிவைத்திருக்கிறாள், தாயோடு வாழ வேண்டுமே என்று.

பெண் கையிலும் பிரம்பு உண்டு என்பதை எழுத நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. எழுதினால், பார்த்தாயா என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது என்ற பயம். இந்தக் கதை அந்தப் பயமில்லாமல் சொல்லப்பட்டிருந்தது. அடித்தது யார் என்பதில் நிற்காமல், அடிபட்ட பிள்ளை அதை எப்படிச் சுமக்கிறது என்பதற்குப் போயிற்று.

அத்தை மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது அப்போது. "எங்கப்பா அம்மாவ அடிச்சதே இல்ல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டைவிட்டுப் போனதற்கு அவள் வைத்திருந்த காரணங்கள் வேறு. எனக்கு அவள்மேல் எரிச்சல் உண்டு, அந்த வீட்டில்தானே வளர்ந்தாள். லிடியாவின் எபிசோட் முடிந்து திரை கறுப்பானதும் அத்தை வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அவ பொய் சொல்றாள்னு நீ நெனைக்கறே. இல்ல கண்ணு. அவளுக்கு அப்பன் வேணுமில்ல? அதான் அப்பிடி ஞாபகம் வெச்சிருக்கா." அன்றுதான் அத்தை தன் கையைப் பற்றி முதல்முறை பேசினார். அதை இங்கே எழுத அவர் அனுமதிக்கவில்லை.

சீசன் முடிவுக்கு முந்தைய எபிசோடில் ஆல்ஃபா பத்துப் பேரின் தலையை வெட்டி எல்லைக் கம்பங்களில் குத்திவைக்கிறாள். டாமி ரோஸ், கேரல் வளர்த்த ஹென்றி, டாரா, ஈனிட் எல்லோரும் அதில். நீகன் காட்சியைவிட இழப்பு பெரிது. ஆனால் வெட்டுவதைக் காட்டவில்லை. தப்பித்த சித்திக் வந்து, அவர்கள் கடைசிவரை ஒருவருக்காக ஒருவர் போராடினார்கள் என்று ஊர் நடுவே நின்று சொல்கிறான். கேமரா கேட்கிறவர்களின் முகத்தில் இருக்கிறது. கம்பங்களில் ஒரு தலை ஃபிராங்கியுடையது. கறுப்பு உடையில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி. அவளுக்கு ஒரு நல்ல வசனமாவது கொடுத்திருக்கலாம் காங். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. பத்தாவது சீசனில் நீகனுக்குக் கொடுத்த மன்னிப்பும் எனக்கு ஒப்பவில்லை. அவன் ஆல்ஃபாவைக் கொன்றதால் கணக்கு நேராகிவிடுமா? அந்த மனைவிகள் யாராவது கையெழுத்துப் போட்டார்களா?

விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. தொடர் நன்றானதைப் பார்க்க ஆள் குறைவாக இருந்தது. 2022 நவம்பரில் 177ஆவது எபிசோடோடு முடிந்தபோது ஒன்பதாவது சீசன் அளவுக்கு அது இல்லை என்பதே என் கணக்கு.

அத்தை அதுவரை வரவில்லை. பத்தாவது சீசனில், செத்துவிட்டதாக நினைத்த ரிக் உயிரோடு இருக்கலாம் என்று தெரிந்ததும் மிஷோன் அவனைத் தேடி வடக்கே கிளம்புகிறாள். இரண்டு பிள்ளைகள் ஊரில். வாக்கி டாக்கியில் மகள் ஜூடித்திடம் பேசுகிறாள், மகளே போய்வா என்கிறாள். பிள்ளைகளை விட்டுப் போகிற தாயைத் தொடர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். "எனக்கு இது போதும் கண்ணு, மிச்சத்த நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். மகளுக்குத்தான் போட்டிருப்பார்.