காற்றில் வந்த துரு

ஆக்ரா என்றதும் தாஜ்மகால் நினைவுக்கு வரும். மன்னன் மனைவிக்கு எழுப்பிய மண்டபத்தைப் பாடாத புலவரில்லை. பார்த்து வியக்காத பயணியில்லை. அதே ஆக்ராவில் ஓர் ஆசிரியர் வாழ்ந்தார். கல்லூரியிலே தாவர இயல் கற்பித்தார். கோதுமையைக் கொள்ளைகொண்ட பூஞ்சையொன்று எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதற்கே வாழ்நாளைச் செலவிட்டார். கரம் சந்த் மேத்தா என்பது அவர் பெயர். கேட்டதுண்டா, தோழர்களே?

நானும் கேட்டதில்லை, நான் கலை பயின்றவன். அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவன் என் மாணவன். திருவண்ணாமலையில் நான் பணியாற்றும் பள்ளிக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளே மிகுதியாக வருகின்றனர். அவர்களில் ஒருவன் மல்லாட்டைச் செடியின் இலையொன்றை ஏட்டுக்குள் வைத்து எடுத்துவந்தான். இலையின் அடிப்புறமெங்கும் செம்பழுப்புப் பொடி. “ஊர்க்கண்ணு பட்டுடுச்சுன்னு பாட்டி சொல்லுது. கொல்லையில பொம்மை கட்டியிருக்கோம். நெசமா, ஐயா?” என்றான். இல்லையென்றேன். “அப்படின்னா இது எங்கேயிருந்து வந்துச்சு?” என்றான்.

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. கண்ணேறு பொய்யென்று சொல்ல ஒரு நொடி போதும். மெய் எதுவென்று காட்ட, ஒருவர் உழைத்திருக்க வேண்டும். மேத்தா உழைத்தார்.

துருநோய்க்கு அஞ்சியவர்கள் நம் பாட்டிமார் மட்டுமல்லர். பேரரசு கண்ட ரோமானியரும் துருவுக்கென ஒரு தெய்வத்தைப் படைத்து, ‘ரோபிகஸ்’ என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் நாயைப் பலியிட்டு வணங்கினர். நாய் மாண்டது, நோய் மாளவில்லை! 1865-ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் டி பாரி உண்மையின் ஒரு பகுதியை வெளிக்கொணர்ந்தார். கோதுமைத் தண்டைத் தாக்கும் கருந்துருப் பூஞ்சை, பார்பெரி என்னும் முட்புதரிலும் வாழ்ந்து, அங்கிருந்து மீண்டும் கோதுமைக்குத் தாவுகிறது என்று மெய்ப்பித்தார். மேலைநாடுகளில் அந்தப் புதரை வேரோடு களைந்தனர், பயனும் கண்டனர்.

1892-இல் பிறந்த மேத்தா, 1922-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே கற்றதை இங்கே ஒப்பித்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வயலைப் பார்த்தார். கோதுமை விளையும் வடநாட்டுச் சமவெளியிலே பார்பெரிப் புதரே இல்லை. துருவோ ஆண்டுதோறும் வருகிறது! அறுவடைக்குப்பின் வயலிலேயே பதுங்கியிருக்கிறதோ என்று ஆராய்ந்தார். கோடை வெயிலின் கொடுமையில் துருவின் வித்துகள் மடிந்துவிடுவதைக் கண்டார். புதரிலும் இல்லை, வயலிலும் இல்லை. பின் எங்கே?

மலைகளில்! இமயத்தின் சரிவுகளிலும், நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடை குளிர்ச்சியானது. அங்கே பருவம் தவறி விதைத்த கோதுமையிலும், உதிர்ந்த மணியிலிருந்து தானே முளைத்த பயிரிலும் துரு உயிரோடு தங்குகிறது. பின் காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது. மலைமலையாக ஆராய்ந்தும், பசை தடவிய கண்ணாடித் துண்டுகளில் காற்றில் வந்த வித்துகளைப் பிடித்தும் அவர் இதை நிலைநாட்டினார். சிம்லாவில் துரு ஆராய்ச்சிக்கென நிலையம் அமைத்தார். 1940-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சி அச்சேறிய 1952-இல் அவர் இல்லை, 1950-லேயே மறைந்துவிட்டார்.

அவர் காட்டிய வழியில் பின்வந்தோர் மேலும் சென்றனர். நீலகிரியில் கிளம்பும் கருந்துரு வித்துகளை வங்கக் கடற்புயலின் காற்று நடு இந்தியாவுக்குச் சுமந்து செல்வதையும், மழை அவற்றை வயலில் இறக்குவதையும் 1970-களில் விளக்கினர். நீலகிரியிலே ஒரு செடியில் ஒட்டிய துகள், எங்கோ ஓர் உழவனின் உணவைப் பறிக்கிறது! பகை எங்கே தங்குகிறது என்று தெரிந்தபின், அங்கேயே அதைக் கண்காணிக்கலாம். அதை எதிர்த்து நிற்கும் விதையை உருவாக்கலாம். நாயைப் பலியிட்டவன் ஆண்டுதோறும் பலியிடத்தான் முடிந்தது.

என் மாணவனுக்கும் விடை கிடைத்தது. கடலையின் துருவும் பூஞ்சையே. கோதுமைத் துருவின் உறவினம். தானே முளைத்த கடலைச் செடிகளில் தங்கி, காற்றிலே பரவும். அவற்றைக் களைந்தெறி, வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டி மருந்து கேள் என்றேன். பொம்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியோடு அவனே வழக்காடட்டும். இப்போது அவன் கையில் சான்று இருக்கிறது.

மேத்தாவிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு, இளைஞர்களே! பழைய ஏட்டில் இருப்பதால் நம்பாதே என்று முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். புதிய ஏட்டில், புகழ்பெற்ற அறிஞர் எழுதியதாயினும், நம் மண்ணுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே ஏற்கும் துணிவும் வேண்டும். டி பாரியின் முடிவு பொய்யல்ல; ஆயினும் இந்தச் சமவெளிக்கு அது விடையாகவில்லை. அதைச் சொல்ல, ஆக்ராவிலிருந்து ஓர் ஆசிரியர் வயலுக்கும் மலைக்கும் நடக்க வேண்டியிருந்தது. மேடையில் “இல்லை” என்று சொன்ன கையோடு, “பின் எது?” என்று தேடிப் புறப்படுங்கள். நம் ஊர்க் கொல்லைகளில் விடை காணாத இலைகள் இன்னும் எத்தனையோ!