அது எப்படியான கல்?

2014ஆம் ஆண்டில் நாம் வன்னியிலுள்ள ஒரு பாடசாலையிற் பத்தாந் தரத்திற்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம். மாணவி ஒருத்தி தன் கட்டுரைக் கொப்பியில், “என் நெஞ்சில் ஒரு கல் இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். நாம் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, “தேய்ந்த உருவகம், புதிதாக எழுதுக” என்று ஓரத்திற் குறித்தோம். பல்கலைக்கழகத்தில் அணியிலக்கணம் பயின்ற செருக்கு அந்நாளில் எமக்குச் சற்று மிகுதி.

அக்கொப்பியைப் பார்க்க நேர்ந்த ஆலோசனை ஆசிரியை திருத்தம் எதுவும் சொல்லவில்லை. “அது எப்படியான கல், பிள்ளை?” என்று மட்டுமே கேட்டாராம்.

“உடுப்புத் தோய்க்கிற கல், ரீச்சர். எங்கட பழைய வீட்டுக் கிணத்தடியில இருந்தது. அதில நிக்க வைச்சுத்தான் அப்பா எனக்குத் தண்ணி வார்க்கிறவர்.”

தந்தை 2009இற் காணாமலாக்கப்பட்டவர். அவரைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான். இதனைப் பின்னொருநாள் அவளே எமக்குச் சொன்னாள். நாம் வெட்கத்தோடு கொப்பியை வாங்கி, எமது குறிப்பை வெட்டினோம்.

அக்கேள்வி உளச்சிகிச்சையில் அறியப்பட்ட ஒரு முறை என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். நியூசிலாந்தில் பிறந்த டேவிட் குரோவ் 1980களில் அதனை வகுத்தார். துன்புற்றவர் ‘கல்’ என்றால், அதனைப் ‘பாரம்’ என்றோ ‘மனச்சோர்வு’ என்றோ சிகிச்சையாளர் மாற்றிச் சொல்லலாகாது. அது எத்தகையது, எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லைக் கொண்டே வினவவேண்டும். ஏனெனில் அவ்வுருவகம் அவருடைய வாழ்விலே விளைந்தது. கற்றவர் இரவல் கொடுக்கும் உவமைக்கு அந்த வேர் இல்லை.

இத்துறையின் முதல் உருவகங்களுள் ஒன்றைத் தந்தவரும் ஒரு நோயாளியே. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் மருத்துவர் புரோயரிடம் சிகிச்சை பெற்ற பேர்த்தா பப்பன்கைம், தம் மனத்திலுள்ளதைப் பேசித் தீர்ப்பதனை வேடிக்கையாகப் ‘புகைபோக்கி துடைத்தல்’ என்றார். புரோயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அவர் ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரால் வருகிறார். அச்சிகிச்சை அவரை முற்றாகக் குணப்படுத்தவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நூலில் நோயாளியாக நின்ற அப்பெண்மணியே 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, பெண்களை விற்கும் வணிகத்தை எதிர்த்துப் போராடினார்.

எமது நாட்டில் இப்போது ‘உளவடு’ என்ற சொல் பயில்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ட்ரோமா’ கிரேக்கத்திற் காயத்தைக் குறித்த சொல். வடுவோ, காயம் ஆறிய பின் எஞ்சுவது. வள்ளுவர் ஆறாத வடுவொன்றைப் பற்றியும் பேசியிருக்கிறார். அது வேறு செய்தி. இன்னும் விடை கிடையாத ஒரு கேள்விக்கு வடுவென்று பெயரிட்டு, அதனை ஆற்றுவதற்கு ஆலோசகரை மட்டும் அனுப்பிவிட்டால், கேட்கப்பட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

அம்மாணவியின் நெஞ்சிலிருந்த கல் பேச்சினாற் சற்று இலேசாயிற்று. அவள் மறுபடியும் வகுப்பிற் பேசத் தொடங்கினாள். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவினரைத் தேடுவோர் வீதியோரத்திலே தொடர் போராட்டம் தொடங்கியபோது, அவளுடைய தாயாரும் அவர்களோடு அமர்ந்திருந்தார். அவருடைய கையில் இருந்தது கணவரின் படம். அவர் கேட்டதில் உருவகம் எதுவும் இருக்கவில்லை: “அவர் எங்கே?”