சஹனுக்கு வராத மகள்



தெல்தோட்டையில் எங்கள் அயல்வீட்டு மகள் ஒருத்தி ரமழான் முடிந்தும் நோன்பைத் தொடர்ந்தாள். பேணுதலான பிள்ளை என்று ஊர் மெச்சியது. நோன்பு திறந்த பிறகும் அவள் சோற்றை அளைந்தாளே தவிர உண்ணவில்லை. முடி கொட்டியது, மாதவிடாய் நின்றது, நண்பகலிலும் குளிர்ந்தது. சஹனில் உட்காரப் பயந்து கல்யாண வீடுகளையும் தோழியரையும் தவிர்த்தாள். உம்மா வைத்தியரிடம் அழைத்துச் சென்ற பின்புதான் இதற்கு ‘அனோரெக்சியா’ என்று பெயருண்டென அறிந்தோம்.

இது பிடிவாதமல்ல, நோய். பருத்துவிடுவோமோ என்ற பயம், பசித்தாலும் உண்ணவிடாது. அமெரிக்கப் பாடகி காரன் கார்பென்டர் 1983இல், 32 வயதில், இந்நோயால் இதயம் பழுதடைந்தே இறந்தார்.

நோயாளிக்கு மார்க்கமே நோன்பில் சலுகை தந்திருக்கிறது. எனவே, “மெலிந்தால்தான் அழகு” என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். உண்ண மறுப்பவளை ஏசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.