மூணே முக்காலும் க்வார்ட்டர் டு ஃபோரும்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தேய்மானக் கணக்கு போடுவேன், பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணுவேன் (ரெண்டாவது தடவையிலாவது!). ஆனால் ரெண்டாம் வகுப்பு படிக்கிற அக்கா பொண்ணை கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஸ்கூல் வாசலில் தனியாக உட்கார வைத்த மகானுபாவன் நான்தான். காரணம், மணி பார்க்கத் தெரியாதது. அவளுக்குத்தான் தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

வழக்கமாகக் குட்டி வேனில் வந்துவிடுவாள். ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பிராக்டிஸ் ஆரம்பித்ததும் வேன் கிடையாது, வீட்டு ஆட்கள் போய்க் கூட்டி வரவேண்டும். அக்கா வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். தாய்மாமன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்? "எத்தனை மணிக்குடா வரணும்?" என்று காலையில் கேட்டேன். "நாலே கால் மாமா, மிஸ் சொன்னாங்க" என்றாள்.

நாலு பத்துக்கே போய் நின்றேன். அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம் என்று பெருமை வேறு. பார்த்தால், வாட்ச்மேன் தாத்தாவின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுது முடித்து விக்கிக்கொண்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் மூணே முக்காலுக்கே போயாச்சாம். டைரியைப் புரட்டினால் மிஸ் எழுதியிருந்தது 'க்வார்ட்டர் டு ஃபோர்'. க்வார்ட்டர் என்றால் கால், ஃபோர் என்றால் நாலு, ஆக நாலே கால். நியாயமாகப் பார்த்தால் அவள் மொழிபெயர்ப்பில் என்ன தப்பு?

வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, "நீ வரமாட்டியோன்னு நெனச்சேன் மாமா" என்றாள். அதுதான் என்னமோ பண்ணியது. அந்த வாசலுக்கு நேர் எதிரே பெரிய சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்திருந்தால், 'மாமா நாலே காலுக்குத்தானே வருவான், இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று உட்கார்ந்திருப்பாள். காத்திருக்கவேண்டி வந்திருக்கும், பயந்திருக்க மாட்டாள்.

சரி, வாட்ச் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். இங்கேதான் நம்ம காமர்ஸ் மூளை வேலை செய்தது. டவுன்ஹால் ரோட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த டிஜிட்டல் வாட்ச், பிங்க் கலர், பட்டனை அமுக்கினால் லைட் எரியும். நூத்தி எண்பது ரூபாய். மேட்டர் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாளே மணியைக் கடகடவென்று வாசித்தாள். "மூணு அம்பத்திரண்டு மாமா!" ஆகா! "அப்ப நாலு மணிக்கு இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" கொஞ்சம் யோசித்து, "நாப்பத்தெட்டு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நூறிலிருந்து கழித்திருக்கிறாள். ரூபாய்க்கு நூறு பைசா, பரீட்சைக்கு நூறு மார்க். மணிக்கு மட்டும் அறுபது என்று அந்த டிஜிட்டல் திரையில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? அது எண்ணைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. காத்திருக்கிற பிள்ளைக்குத் தேவை, முள் எவ்வளவு தூரம் போகணும் என்பது. ஆக, 180 ரூபாய் அம்பேல். (சங்க் காஸ்ட் என்று பாடத்தில் படித்ததை வாழ்க்கையில் படித்தேன்.)

அடுத்து முள் வைத்த வாட்ச். தாத்தாவின் பழைய ஹெச்.எம்.டி. பீரோவில் தூங்குகிறது, சாவி கொடுத்தால் இன்னும் ஓடும். 1961ல் பெங்களூரில் ஆரம்பித்த ஹெச்.எம்.டி.யின் வாட்ச் தொழிலையே 2016ல் மூடிவிட்டார்கள். செண்டிமெண்டாக அதையே கொடுக்கலாம் என்று எடுத்தால், டயலில் எண்ணே இல்லை, வெறும் கோடுகள். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கான வாட்ச் அது. திரும்ப பீரோவுக்கே போனது.

கடைக்காரர் குழந்தைகள் வாட்ச் என்று ஒரு தட்டு நிறையக் கொட்டினார். பாதியில் டயல் முழுக்க பொம்மைப் படம், 12, 3, 6, 9 மட்டும் ஓரத்தில் ஒளிந்திருக்கும். சிலதில் ரெண்டு முள்ளும் ஒரே நிறம், நீளத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அழகுதான், ஆனால் மணி பார்க்க எனக்கே முழி பிதுங்கியது.

கற்றுக்கொடுப்பதற்கென்றே செய்யும் வாட்சுகள் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ளிக் ஃப்ளாக் 1987ல் வந்தது, ரெண்டு முள்ளையும் அண்ணன் தங்கையாக்கிப் பெயரும் வைத்துவிட்டார்கள். டைமெக்ஸில் முள்ளிலேயே 'ஹவர்', 'மினிட்' என்று அச்சடித்த மாடல் இருக்கிறது. இன்னொரு வகையில் டயலின் வலப்பாதியில் 'பாஸ்ட்', இடப்பாதியில் 'டு' என்று போட்டிருக்கும். ஆகா, நம்ம பிரச்சினைக்கு மருந்து இதுதான் என்று அந்த மூன்றாவது வகையை எடுக்கப் போனேன்.

அதற்கு முன்னால் குட்டியின் அம்மாச்சியிடம், அதாவது எங்க அம்மாவிடம், போனில் படம் காட்டினேன். "இது என்னடா, மூணே முக்கால்னு சொல்றதுக்கு நாலை எதுக்கு இழுக்குறாங்க?" என்றார்.

அங்கேதான் பல்ப் எரிந்தது. தமிழில் நாம் தாண்டி வந்த மணியைச் சொல்கிறோம். மூணு, அதுக்கு மேல் முக்கால். ஆங்கிலத்தில் போய்ச் சேரப்போகிற மணியைச் சொல்கிறார்கள். நாலுக்கு இன்னும் கால். சின்ன முள்ளைப் பாருங்கள், மூணே முக்காலுக்கு அது மூணுக்கும் நாலுக்கும் நடுவில் சரியாக முக்கால் தூரத்தில் நிற்கும். அம்மாச்சி சொல்வதை அப்படியே முள் காட்டுகிறது! வீட்டில் ஒரு கணக்கு, ஸ்கூலில் ஒரு கணக்கு, நடுவில் மாட்டிக்கொண்டது குழந்தை. அந்த நாலே காலைக் கேட்டுவிட்டு, டைரியைத் திறந்துகூடப் பார்க்காத நானும்தான்.

கடைசியில் வாங்கியது ரொம்பச் சாதாரண வாட்ச். வெள்ளை டயல், 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் சிவப்பில், வெளி வட்டத்தில் 5, 10, 15 என்று 60 வரை நீலத்தில். சின்ன முள் சிவப்பு, பெரிய முள் நீலம். சிவப்பு முள் சிவப்பு எண்ணைப் படிக்கும், நீல முள் நீல எண்ணைப் படிக்கும், அவ்வளவுதான் விதி. வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். பின்மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், பட்டன் பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்கினால் பெரிய ஆபத்து. '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் கை கழுவலாம், நீச்சல் குளத்துக்கு ஆகாது.

முதல் ரெண்டு நாள் பெரிய முள்ளைப் பற்றிப் பேசவே இல்லை. பேப்பர் தட்டில் சின்ன முள் மட்டும் வைத்து, "எதைத் தாண்டிருச்சு?" என்று கேட்டேன். நெருங்கிக்கொண்டிருக்கும் எண்ணைச் சொல்லக்கூடாது, தாண்டியதைத்தான் சொல்லணும். அப்புறம் நீல முள். அப்புறம் கால், அரை, முக்கால். 'டு' கடைசியில்தான். "டுன்னா 'ஆக இன்னும்'. நாலாக இன்னும் கால் மணி." டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் மறுபடி பிராக்டிஸ். டிராஃபிக்கில் மாட்டி லேட்டாகப் போனேன். அதே வாட்ச்மேன் தாத்தா, அதே ஸ்டூல். அழுகை இல்லை, காலை ஆட்டிக்கொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஏழு நிமிஷம் லேட்டு."

வசமாக மாட்டினேன். வாட்ச் இன்னொருத்தர் தப்பையும் காட்டும் என்று வாங்கும்போது யோசிக்கவில்லை :-)

உங்க வீட்டு வாண்டுகளுக்கு முதலில் எந்த முள்ளைச் சொல்லிக்கொடுத்தீங்க? சொல்லுங்க, அடுத்த வாண்டுக்கு அக்கா இப்பவே என்னைத்தான் நேர்ந்துவிட்டிருக்கிறாள்.