உம் கொட்டும் ரசிகர்கள்

உலகத்திலேயே மிகக் கறாரான ரசிகர் யார் என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தை என்றுதான் சொல்லுவேன். பெரியவர்கள் கதை பிடிக்காவிட்டாலும் மரியாதைக்காகக் கொட்டாவியை அடக்கிக் கொள்வார்கள். குழந்தைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, எழுந்து போய்விடும்.

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். "உம் கொட்டினால்தான் கதை" என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிடுவார்கள். "உம்" நின்றால் குழந்தை தூங்கிவிட்டது. அல்லது கதை சுவைக்கவில்லை. புத்தகம் கைக்கு வந்ததும் இந்த "உம்" போய்விட்டது. வாசிப்பவர் புத்தகத்தைப் பார்க்கிறார். குழந்தை வாசலைப் பார்க்கிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த "உம்"மை மறுபடி கேட்டேன். அங்கே ஆண்களில் பலர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால், திரும்ப மாதக்கணக்காகும். தாய்மார்கள் தறியிலோ கோழிப் பண்ணையிலோ வேலையாயிருப்பார்கள். மாலையில் கதை சொல்ல வீட்டில் ஆள் ஏது? 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர் ஒருத்தி, திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நாடகம் ஒன்றும் ஆடவில்லை. படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். யானை கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, "உள்ளே என்ன இருக்கும், சொல்லுங்க கண்ணுகளா?" என்றாள்.

"தவளைங்க்கா!"

"ஒண்ணுமே இருக்காதுங்க்கா. எங்கப்பா ரிக் வண்டி வந்தாத்தான் தண்ணி வரும்!" என்றான் கடைசியில் இருந்த ஒரு பொடியன்.

அவள் சிரித்து ஒதுக்கிவிடவில்லை. "எத்தனை அடி போடணும் கண்ணு?" என்று கேட்டாள்.

"ஆயிரம் அடிங்க்கா!"

யானையும் பிள்ளைகளும் ஆயிரம் அடி ஆழத்தை வியந்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். அந்தப் பொடியனுக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வராது என்று பிறகு சொன்னாள். ஆனால் அன்று புத்தகம் அவன் மடியை விட்டு இறங்கவில்லை. இரவு அப்பா போனில் பேசும்போது சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டதல்லவா?

2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக அரசாங்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டது. அழகான பெயர்கள். ஆனால் நுழைவதற்குக் கதவைத் திறந்து பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே! ஒரு பக்கம் படித்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. பதில் தப்பாயிருந்தாலும் பாதகமில்லை. கதையில் இல்லாத ரிக் வண்டி நடுவில் வந்து நின்றால், நின்றுவிட்டுப் போகட்டும்.